ரெண்டு தடவை அமுக்கினாலும் அறுபத்து நாலு

எங்கே இருந்தாலும் யாரோடாவது வாதாடிக்கொண்டுதான் இருப்பாய் என்று நான் நம்புகிற தங்கச்சி எஸ்தருக்கு,

நலமா என்று கேட்டுத்தான் கடிதம் தொடங்க வேண்டும். நீ போய் மூன்று மாதம் ஆனபிறகு அதைக் கேட்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அதனால் ஊர்ச் சேதியிலிருந்து ஆரம்பிக்கிறேன். உத்திரமேரூர் ஏரி இந்த வருடம் நன்றாகப் பிடித்திருக்கிறது. மானாம்பதிப் பக்கம் நவரை நடவு முடிந்துவிட்டது. கடைக்குக் கருகின மோட்டார்கள் வந்தபடியே இருக்கின்றன. உன் நாற்காலியில் யாரும் உட்காருவதில்லை. துக்கம் ஒரு பக்கம் இருக்கட்டும், அதன் ஒரு கால் ஆடும் என்பது உனக்கே தெரியும்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் நம் மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டி ஒரு மனுஷனின் கையை வாங்கப் பார்த்தது. தப்பு உன்னுடையது இல்லை, என்னுடையது. நீ எழுதி வைத்த புரோகிராமில் நான் கை வைத்தேன். கட்டி முடித்த பெட்டிகள் இருபது, கடையில் வரிசையாக நிற்கின்றன. அவற்றை அனுப்பலாமா, பிரித்துப் பழைய இரும்புக்குப் போடலாமா என்று தெரியாமல் நான்கு நாள் உட்கார்ந்திருந்தேன். என்ன நடந்தது, எப்படித் தீர்ந்தது என்பதை உனக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வது?

எங்கள் மோட்டார் மெக்கானிக் சங்கத்து மலரில் இந்தக் கடிதத்தைப் போடக் கேட்டிருக்கிறார்கள். உன்னைத் தெரியாதவர்களும் படிப்பார்கள். அதனால் உனக்குத் தெரிந்ததையே நடுநடுவே சொல்லுவேன், பொறுத்துக்கொள்.

நான் பத்தாவது தேறாதவன். மோட்டாருக்குக் காயில் சுற்றிப் பிழைத்து, பிறகு கடை வைத்தவன். நீ மானாம்பதிக் காலனியில் நாற்று நடுகிற அம்மாவுக்குப் பிறந்து, எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்து, ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் போர்டு சோதிக்கும் வேலை பார்த்தவள். அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று திரும்பி வந்தாய். ஒருநாள் என் கடையில் பியூஸ் கம்பி வாங்க வந்து, சுவரில் தொங்கின ஸ்டார்ட்டர்களை மேலும் கீழும் பார்த்தாய்.

"ஊரான் செஞ்சதயே வித்துக்கினு கீறியேண்ணா, நீயே ஒண்ணு செய்யக்கூடாதா?"

வாங்க வந்தவள் இப்படிக் கேட்டால் யாருக்கும் கோபம் வரும். எனக்கும் வந்தது. ஆனால் வியாபாரிக்குக் கோபம் வந்தால் அதற்குள்ளே ஏதோ சரக்கு இருக்கிறது என்று அர்த்தம். இரண்டு வருடத்தில் நம் பெட்டி தயாரானது. வயலுக்குப் போகாமல் போனில் மிஸ்டு கால் கொடுத்தால் மோட்டார் ஓடும். மூன்று பேஸில் ஒன்று போனாலும், கிணற்றில் தண்ணீர் வற்றினாலும் தானே நிற்கும். உங்கள் வீட்டில் உட்கார்ந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க எனக்கும் அதே இரண்டு வருடம் ஆனது. அதையும் இங்கே எழுதிவிடுகிறேன். நீ ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை.

பெட்டிக்குள் இருக்கிற சில்லுக்கு நீ சி மொழியில் எழுதினாய். எனக்கு அது எறும்பு ஊர்ந்த தாள் மாதிரி இருந்தது. ஒருநாள் மதியம் கடைச் சுவரில் இருந்த எட்டு சுவிட்ச் போர்டைக் காட்டி விளக்கினாயே, அது எனக்கு அப்படியே நினைவில் இருக்கிறது.

"எட்டு சுவிட்ச்சுக்கு எட்டு எடம் எதுக்குண்ணா? ஒரே நம்பர்ல வச்சிக்கலாம். மொத சுவிட்ச்சுக்கு ஒண்ணு. அடுத்ததுக்கு ரெண்டு. அப்பறம் நாலு, எட்டு, பதினாறு, முப்பத்திரெண்டு. டபுள் டபுளா போய்க்கினே இருக்கும்."

"இன்னாத்துக்கு டபுள்?"

"அப்பதான் எந்த நம்பர சொன்னாலும், எதெது போட்டுக்கீதுன்னு ஒரே ஒரு பதில் வரும். மூணு பேஸும் மொத மூணு சுவிட்ச்சுன்னு வச்சிக்கோ. ஏழுன்னா இன்னா?"

"ஒண்ணு, ரெண்டு, நாலு. மூணு பேஸும் வந்துகீது."

"அஞ்சுன்னா?"

கொஞ்சம் யோசித்தேன். "நடு பேஸ் பூட்ச்சி."

"பாத்தியா, உனுக்கே வந்துட்ச்சி. நீதான் சும்மா பயந்துக்கினு கீற."

மூன்று பேஸுக்கு ஒன்று, இரண்டு, நான்கு. தண்ணீர் இருந்தால் எட்டு. ஓவர்லோடு ஆனால் பதினாறு. மோட்டார் ஓடினால் முப்பத்திரண்டு. மோட்டார் பக்கத்தில் ஆள் வேலை செய்கிறான், எது நடந்தாலும் ஓடாதே என்பதற்கு அறுபத்து நான்கு. கரண்ட் வந்ததும் தானாக ஓடுகிற ஆட்டோவுக்கு நூற்று இருபத்தெட்டு. ஒரு கிணற்றின் மொத்த நிலவரமும் ஒரே எண்ணுக்குள் அடங்கிவிட்டது. நான் முப்பது வருடமாகக் கிணறுகளைப் பார்த்தவன். ஒரு கிணற்றை இவ்வளவு சின்னதாக மடித்து வைக்க முடியும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

பிறகு ஒரு மோட்டார் அட்டைப்பெட்டியைக் கிழித்து, அதில் ஒரு ஓட்டை போட்டு, சுவிட்ச் போர்டின் மேல் வைத்தாய். ஒரே ஒரு சுவிட்ச் மட்டும் தெரிந்தது. "இதான் &. மத்ததெல்லாம் மறச்சிட்டு, வேண்டியத மட்டும் பாக்கறது." மூன்று பேஸும் இருக்கிறதா என்று பார்க்க மூன்று ஓட்டை போட்ட அட்டை. ஓட்டை இருக்கும் இடம் மூடி, மூடிய இடமெல்லாம் ஓட்டையானால் அது ~. அந்த மாற்று அட்டையை & போட்டு வைத்தால், ஒரே ஒரு சுவிட்ச் அணையும், மற்றவை இருந்தபடி இருக்கும். மற்றதைத் தொடாமல் ஒன்றை மட்டும் போடுவதற்கு | என்று ஒரு நின்ற கோடு. போட்டிருந்தால் அணைத்து, அணைந்திருந்தால் போட்டுவிடுகிற ^ என்று ஒரு கூரை.

அந்தக் கூரைதான் எனக்கு உடனே பிடித்துப்போனது. ஆள் பூட்டுக்கு ஒரே பட்டன் போதும். ஒருமுறை அமுக்கினால் பூட்டு, மறுமுறை அமுக்கினால் திறப்பு. சாவியும் வேண்டாம், அதற்கு ஓட்டை போடுகிற வேலையும் வேண்டாம். நீ கேட்கவே இல்லை.

"வேணாண்ணா. இது ரெண்டு வாட்டி அமுக்குற ஊரு."

"அது இன்னா ஊரு?"

"நீ கடையில குந்திக்கினு கீற. உனுக்கு எப்பிடி தெரியும்? அந்தக் காலத்து ஸ்டார்ட்டர்ல பச்சப் பட்டன் மொத அமுக்குல புடிக்கவே புடிக்காது. எங்கம்மா நடவுக்குப் போன எடத்துலலாம் மோட்டார் போட அதத்தான் அனுப்புவாங்க. இன்னிக்கும் காலிங் பெல்லுன்னாக்கூட ரெண்டு வாட்டிதான் அமுக்கும். ஒரு வாட்டி அமுக்குனா அதுக்கு நம்பிக்கையே வராது. உன் கூரைய போட்டா மொத அமுக்குல பூட்டும், ரெண்டாவது அமுக்குல தொறந்துக்கும். பூட்டிட்டோம்னு நெனச்சிக்கினு ஆளு கீழ நிப்பான்."

அந்த வாதத்தில் நீதான் ஜெயித்தாய். சிவப்புப் பட்டனை எத்தனை தடவை அமுக்கினாலும் பூட்டு பூட்டாகவே இருக்கும். திறக்க மேலே பெட்டியில் சாவி. கல்லூரியில் இதைச் சொல்லிக்கொடுக்கிறவர்களுக்கு இந்தக் குறி இன்னது செய்யும் என்று தெரிந்திருக்கும். எந்தக் குறியை எந்த ஊரில் போடக்கூடாது என்று உனக்குத் தெரிந்திருந்தது. அதை எங்கே படித்தாய்?

இனி என் கதை. நீ போனபிறகு, மானாம்பதியில் கிணற்றுக்காரர் ஒருவரின் நிலத்தைப் பார்த்துக்கொள்கிற பெருமாள் கடைக்கு வந்தார். அறுபதைத் தாண்டிய ஆள். அங்கே மோட்டார் கிணற்றுக்குள் பாதி ஆழத்தில் மேடையில் இருக்கிறது, உனக்குத் தெரியும். "எறங்கனப்பறம் பூட்டுறதுக்கு மறுபடி மேல ஏற முட்டி பேஜார் பண்ணுது நைனா. கீழயும் ஒரு செவப்புப் பட்டன் வச்சிக் குடு" என்றார். நியாயமான பேச்சு. சென்னையில் புரோகிராம் எழுதுகிற ஒருவரிடம் போனில் கேட்டேன். எல்லாவற்றையும் புதிதாக எழுத வேண்டும் என்றார். ஒரு பட்டனுக்கா என்றேன். அடுத்தவர் எழுதினதைத் தொடமாட்டேன் சார் என்றார். அவர் சொன்னது எவ்வளவு பெரிய புத்தி என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

உன் அம்மாவிடம் போய் லேப்டாப்பைக் கேட்டேன். துண்டில் சுற்றி வைத்திருந்தார். "அதுல இன்னா எழுதி வச்சிகீதோ எனுக்கு இன்னா தெரியும். நீயே பாரு நைனா" என்று கொடுத்துவிட்டு, நான் தெருமுனை திரும்பும்வரை வாசலிலேயே நின்றார்.

திறந்தால், பெயர்களையெல்லாம் இங்கிலீஷ் எழுத்தில் தமிழாக வைத்திருக்கிறாய். கிணற்று நிலவரம் அடங்கின அந்த ஒரே எண்ணுக்கு nilai, மற்றதுக்கு thanni, aal. எனக்குச் சிரிப்பும் வந்தது, மற்றதும் வந்தது. சிவப்புப் பட்டன் வரியைக் கண்டுபிடித்தேன்.

nilai = nilai | 64;

இரண்டாவது பட்டனுக்கும் இதே மாதிரி ஒரு வரி எழுத வேண்டும், அவ்வளவுதான். எழுதிக்கொண்டே வந்தேன். அந்த நின்ற கோடு கீபோர்டில் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. எஸ்தர், சத்தியமாகச் சொல்கிறேன், கால் மணி நேரம் தேடினேன். எழுத்தில் இருக்கிற சின்ன எல் அடித்துப் பார்த்தேன், தப்பு என்று சிவப்பாகக் காட்டியது. யோசித்தேன். அறுபத்து நான்கைச் சேர்க்கிறாள், சேர்ப்பது என்றால் கூட்டுவதுதானே? + போட்டேன். கம்ப்யூட்டர் ஒன்றும் சொல்லவில்லை. ஏற்றுக்கொண்டது.

பெட்டியில் ஏற்றி, கடையிலேயே அமுக்கிப் பார்த்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது. மிஸ்டு கால் கொடுத்தேன், ஓடவில்லை. சாவியைத் திருப்பினேன், திறந்தது. மாலை போட்ட உன் படத்தைப் பார்த்து மீசையைத் தடவிக்கொண்டு, அனுப்பக் காத்திருந்த இருபது பெட்டிகளிலும் அதையே ஏற்றினேன். எத்தனை தடவை அமுக்கினேன் தெரியுமா? ஒருதடவை. நான் கடையில் உட்கார்ந்திருக்கிற ஆள்.

அந்தப் பெட்டியைக் கிணற்றில் மாட்டிய ஐந்தாம் நாள் காலை, பெருமாள் கடைக்குள் நுழைந்த வேகத்தில் பைப்புக் கட்டு சரிந்தது.

"யோவ் நைனா! நீ குடுத்தது பொட்டியா, எமனா?"

"இன்னாண்ணா ஆச்சி?"

"கரண்ட் இல்லாத நேரம் பாத்து கிளாண்டு கயிறு மாத்த எறங்கனேன். எறங்கறதுக்கு முன்ன மேல ஆட்டோவ அணச்சேன். கீழ போய் உன் செவப்புப் பட்டன அமுக்கனேன். துண்டால கைய தொடச்சிக்கினு கீறேன், கரண்ட் வந்துச்சி, ஷாப்ட்டு சுத்துது! இன்னும் ஒரு நிமிஷம் போயிருந்தா இந்த அஞ்சு வெரலும் மீனுக்கு பூட்டிருக்கும்."

தண்ணீர் கசியாமல் இருக்க, சுற்றுகிற தண்டைச் சுற்றித் திணிப்பதுதான் கிளாண்டு கயிறு. மாற்ற வேண்டுமானால் விரல்களைத் தண்டுக்குப் பக்கத்தில் விட்டே ஆக வேண்டும்.

"எத்தன வாட்டி அமுக்குன?"

"இன்னா கேள்வி இது? எப்பவும் அமுக்கறாப்பல ரெண்டு வாட்டி."

இது ரெண்டு வாட்டி அமுக்குற ஊரு என்று நீ சொன்னது எனக்கு அப்போதுதான் காதில் விழுந்தது.

அவர் போனதும் ஓர் அட்டையில் எழுதிப் பார்த்தேன். கரண்ட் இல்லை, ஆட்டோ அணைந்திருக்கிறது, கிணற்றில் தண்ணீர் மட்டும் இருக்கிறது. எட்டு. ஒருமுறை அமுக்கினால் அறுபத்து நான்கு கூடும். எழுபத்திரண்டு. தண்ணீரும் ஆளும், சரி. மறுபடி அமுக்கினால் இன்னொரு அறுபத்து நான்கு. நூற்று முப்பத்தாறு. அதைப் பிரித்தால் நூற்று இருபத்தெட்டும் எட்டும். தண்ணீர் இருக்கிறது, ஆட்டோ போட்டிருக்கிறது, ஆள் இல்லை. கூட்டினால் நிறைந்தது அடுத்த இடத்துக்குத் தாவும். தாவின இடம் ஆட்டோ. சிவப்பு விளக்கு இரண்டாவது அமுக்கில் அணைந்திருக்கும், அது மேலே இருக்கிறது, கீழே நின்றவருக்கு எப்படித் தெரியும்? பதறாமல் ஆட்டோவை அணைத்து, ஒன்றுக்கு இரண்டாகப் பூட்டினவர் பெருமாள். அந்தக் கவனத்தைத்தான் என் + பிடித்துத் திருப்பிவிட்டது.

நீ வேண்டாம் என்ற கூரையைப் போட்டிருந்தாலாவது பூட்டு மட்டும்தான் திறந்திருக்கும். நான் அதைவிட மோசமானதைத் தேடிக் கண்டுபிடித்துப் போட்டேன்.

உன் வரிக்கே திரும்பினேன். எரிகிற விளக்கை இன்னொரு தடவை ஏற்றினால் இரண்டு விளக்கு ஆகுமா? எரிகிறது, அவ்வளவுதான். அறுபத்து நான்கு ஏற்கனவே இருந்தால் | அதை இருக்கிறபடியே விட்டுவிடும், பக்கத்து இடத்துக்குத் தள்ளாது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு மனுஷனின் கை வேண்டியிருந்தது என்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அப்புறம்தான் அந்த வரியின் ஓரத்தில் நீ குறித்து வைத்திருந்ததை ஒழுங்காகப் படித்தேன். முதல் தடவையும் கண்ணில் பட்டதுதான், ஏதோ வீட்டு விஷயம் என்று தாண்டிப் போயிருந்தேன். "அம்மா ரெண்டு தடவை அமுக்கும்" என்று எழுதியிருந்தாய். முழு புரோகிராமிலும் நீ எழுதின குறிப்பு அது ஒன்றுதான்.

கோடு எங்கே இருக்கிறது என்று சென்னைக்காரரிடமே கேட்டேன். "என்டருக்கு மேல சார், ஷிப்ட்ட புடிச்சிக்கினு அடிங்க" என்றார். பின்னே உன் புரோகிராம் முழுவதையும் ஒரு நாள் பகலெல்லாம் உட்கார்ந்து வரிவரியாகப் பார்த்தேன். nilai வருகிற இடங்களில் ஒன்றில்கூட நீ + போடவில்லை. திருத்தினதைப் பெட்டியில் ஏற்றி, விரல் வலிக்கும்வரை அமுக்கினேன். அறுபத்து நான்கு, அறுபத்து நான்கு, அறுபத்து நான்கு.

கடையில் சரியானது கிணற்றில் சரியாக வேண்டுமே. மானாம்பதிக்குப் போனேன். பெருமாள் வரப்பில் உட்கார்ந்திருந்தார், எழுந்திருக்கவில்லை.

"தப்பு என்னுதுண்ணா. எஸ்தரு எழுதனது சரியாத்தான் இருந்துச்சி. நான் பூந்து கெடுத்துட்டேன். இப்ப அது எழுதனாப்பலயே வச்சிட்டேன்."

"பூட்டவ மேல பழிய போடாம வுட்டியே, அதுவரைக்கும் நீ மனுஷன்." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "ஆனா நம்பமாட்டேன். நீ எறங்கு. ஷாப்ட்டு மேல நீ கைய வை. நான் அமுக்கறேன், நான் போன் போடறேன்."

பியூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்க எனக்குத் தெரியாதா? இந்த மலரைப் படிக்கிற மெக்கானிக்குகள் அப்படித்தான் செய்ய வேண்டும், என்னைப் பார்த்து யாரும் கெட்டுப்போகாதீர்கள். ஆனால் பெருமாள் பியூஸுக்கு முன்னாலேயே நின்றார். கரண்ட் இருந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படியில் இறங்கினேன். அவரும் கூடவே இறங்கி, சிவப்புப் பட்டனை இரண்டு தடவை அமுக்கினார். என் முகத்தைப் பார்த்துவிட்டு மூன்றாவது தடவையும் அமுக்கினார். மேலே ஏறிப்போய் ஆட்டோவைப் போட்டார்.

தண்டு சில்லென்று கிரீஸ் பிசுக்காக இருந்தது. என் உள்ளங்கை அதன் மேல் இருந்தது. பெட்டிக்குள் போன் மணி அடிப்பது கீழே வரை கேட்டது. ஒருமுறை. இன்னொருமுறை. உனக்கும் கடவுளுக்கும் சேர்த்து நான் அப்போது என்ன சொன்னேன் என்பது இந்த மலரில் போடத் தகுந்தது இல்லை.

"வச்சிக்கினு கீறியா?" மேலிருந்து குரல்.

"வச்சிக்கினுதான்யா கீறேன்!"

மூன்றாவது மணியும் அடித்து ஓய்ந்தது. தண்டு அசையவில்லை. எஸ்தர், நீ எழுதின ஒரு கோட்டை நம்பி நான் அங்கே நின்றேன். பயந்துகொண்டுதான் நின்றேன். ஆனால் ஏன் ஓடாது என்பது எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்து நிற்பதும் தெரியாமல் நிற்பதும் ஒன்றா?

பெருமாள் இறங்கி வந்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். "ஏறு மேல. எனுக்கு கயிறு மாத்தற வேல கீது" என்று என் கையை நகர்த்திவிட்டு, அதே இடத்தில் தன் கையை வைத்தார். பழைய கயிற்றை இழுத்து எடுக்க ஆரம்பித்துவிட்டார். ஆட்டோ மேலே போட்டபடியே இருந்தது.

அன்றைக்கே கடைக்கு வந்து இருபது பெட்டிகளிலும் அந்த வரியைத் திருத்தி ஏற்றினேன். நாளைக் காலை வண்டி வருகிறது, எல்லாம் போகின்றன. உன் புரோகிராமில் << என்று இரண்டு அம்பு ஒரு இடத்தில் வருகிறது. அது என்ன செய்கிறது என்று எனக்கு இன்னும் சரியாகப் பிடிபடவில்லை. அதனால் அதை இன்னும் தொடவில்லை.

உனக்கு ஒரு வாக்கு கொடுக்கிறேன். புரியாத வரியை இனித் தொடமாட்டேன், புரியும்வரை விடவும் மாட்டேன்.

கூடப்பிறக்காவிட்டாலும் உன்னால் அண்ணா என்று அழைக்கப்பட்ட,
மோட்டார் கடை தேவராசன்,
உத்திரமேரூர்.